பைனாகுலர் பக்கத்தில் பார்க்கப் பழகிய கதை

பைனாகுலரைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி தூரத்தைப் பற்றியதுதான். எத்தனை மடங்கு பெரிதாக்கும், ஆயிரம் கஜத்துக்கு அப்பால் எவ்வளவு அகலம் தெரியும், பொழுது சாய்ந்த பிறகு எவ்வளவு நேரம் பயன்படும் என்பவையெல்லாம் போரும் கப்பலும் வேட்டையும் கேட்ட கேள்விகள். எவ்வளவு கிட்டத்தில் இருப்பதை இது தெளிவாகக் காட்டும் என்பதை மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக யாரும் ஊன்றிக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டவர்கள் பூச்சி பார்க்கிறவர்கள். அவர்கள் கேட்ட பிறகுதான் கருவி மாறியது. பட்டாம்பூச்சி பார்ப்பதே பொழுதாகிவிட்ட எனக்கு அந்த மாற்றத்தின் கதை முக்கியமாகப் படுகிறது.

என் கைக்கு முதலில் வந்தது சித்தப்பாவின் பைனாகுலர். சரக்குக் கப்பலில் வேலை பார்த்துவிட்டுத் தூத்துக்குடி திரும்பியவர் அவர். ஏழு மடங்கு பெரிதாக்கும், ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள முகப்பு லென்ஸ்கள் கொண்ட, கப்பல்காரர்களின் கனத்த கருவி அது. நடுவில் சக்கரம் கிடையாது. இரண்டு கண் லென்ஸையும் தனித்தனியாகத் திருகிக் குவியம் வைக்க வேண்டும். ஒரு முறை வைத்துவிட்டால் கடலில் மறுபடி தொட வேண்டியதில்லை. அரை மைலும் பத்து மைலும் ஒன்றுபோலத் தெளிவாகத் தெரியும். உப்புக்காற்றும் தண்ணீரும் உள்ளே புகாமலிருக்கவும் அந்த அமைப்பே நல்லது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலின் பெயரை அதில் வாசித்துவிடலாம். முற்றத்து எருக்கஞ்செடியில் உட்கார்ந்த பட்டாம்பூச்சியைப் பார்க்க முடியாது. கண் லென்ஸைக் கடைசி வரைக்கும் திருகினாலும் செடி பச்சைக் கறையாகத்தான் தெரியும். நான் முனகியபோது சித்தப்பா சொன்னார்: "பக்கத்துல இருக்கறதப் பாக்கக் கண்ணு இருக்குல்லா. இது எதுக்குல உனக்கு?"

அவர் சொன்னதைத்தான் பைனாகுலர் செய்த எல்லாரும் 1608 முதல் நினைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் அக்டோபரில் மிடில்பர்க் ஊரின் மூக்குக்கண்ணாடித் தொழிலாளி ஹான்ஸ் லிப்பர்ஷே, தூரத்துப் பொருளைக் கிட்டத்தில் காட்டும் குழாய்க்குக் காப்புரிமை கேட்டு நெதர்லாந்து ஆட்சிப் பேரவையிடம் விண்ணப்பித்தார். ஸ்பெயினோடு நீண்ட போரில் இருந்த நாடு அது. குழாயைப் பார்த்ததும் அதிகாரிகள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இரண்டு கண்ணாலும் பார்க்கும்படி செய்து கொடுக்க வேண்டும், அதுவும் படிகக் கல்லில் தீட்டிய லென்ஸோடு என்பது. டிசம்பருக்குள் செய்து கொடுத்துவிட்டார். ஆக, தொலைநோக்கி பிறந்த சில வாரங்களிலேயே பைனாகுலரும் பிறந்துவிட்டது. எதிரிப் படை எங்கே நிற்கிறது என்று பார்க்கத்தான் இரண்டுமே.

அடுத்த இருநூறு ஆண்டுகளில் நம் கதைக்கு வேண்டியது அதிகமில்லை. 1823இல் வியன்னாவில் ஃபோய்க்ட்லேண்டர், நாடகக் கொட்டகைக்குப் போகிறவர்களுக்காக இரட்டைக் குழல் கண்ணாடி செய்து விற்றார். 1825இல் பாரிஸின் லெமியேர் இரண்டு குழலையும் ஒரே சக்கரத்தால் நகர்த்தும் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் ஆள்காட்டி விரல் தேடிப் போகிற நடுச்சக்கரம் அங்கிருந்து வந்தது. மேடையில் நிற்கிற பாடகிக்கும் எதிர்மாடத்தில் உட்கார்ந்திருக்கிற சீமாட்டிக்கும் இடையே சட்டென்று குவியம் மாற்ற அது உதவியது.

இந்த நாடகக் கண்ணாடியை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. மூன்று மடங்குதான் பெரிதாக்கும். ஆனால் லென்ஸின் குவியத் தூரம் குறைவு என்பதால், சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பினாலே சில அடி தூரத்தில் இருப்பதும் தெளிந்துவிடும். 1889இல் ஃப்ளாரன்ஸ் மெரியம் என்ற அமெரிக்கப் பெண் இதைக் கையில் எடுத்துக்கொண்டு புதருக்குப் போனார். 'பேர்ட்ஸ் த்ரூ ஆன் ஆப்பரா கிளாஸ்' என்ற புத்தகம் எழுதினார். அந்தக் காலத்தில் பறவையை அடையாளம் காண்பதென்றால் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்துப் பார்ப்பது. தொப்பியில் செருகும் இறகுக்காகவும் பறவைகள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. கல்லூரியில் படிக்கும்போதே அதற்கு எதிராகச் சக மாணவிகளைத் திரட்டியவர் மெரியம். துப்பாக்கி இருந்த இடத்தில் கண்ணாடியை வைத்த முதல் சிலரில் அவர் ஒருவர். நூறு ஆண்டு கழித்துப் பட்டாம்பூச்சிக்கு நடக்கப்போவது பறவைக்கு அப்போதே நடந்துவிட்டது.

இதற்கிடையே ஜெர்மனியின் யேனா நகரில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. இத்தாலியரான இக்னாசியோ போர்ரோ 1854இலேயே, கண்ணாடிப் பட்டகங்களுக்குள் ஒளியை மடக்கித் தலைகீழ் பிம்பத்தை நிமிர்த்தும் வழிக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அன்றைய கண்ணாடி அவ்வளவு தடிமனில் தெளிவாக இல்லை. ஓட்டோ ஷாட் யேனாவில் நல்ல ஒளியியல் கண்ணாடி உருக்கத் தொடங்கிய பிறகுதான் அது கைகூடியது. அங்கே ஸைஸ் நிறுவனத்தில் இருந்த எர்ன்ஸ்ட் அபே அதே பட்டக யோசனையைத் தானாகவே அடைந்திருந்தார்; காப்புரிமைக்குப் போனபோது போர்ரோ முந்திவிட்டது தெரிந்தது. அதனால் ஸைஸ் நிறுவனம் உரிமை வாங்கியது வேறொன்றுக்கு. முகப்பு லென்ஸ்கள் இரண்டையும் கண்களின் இடைவெளியைவிட அகலமாகத் தள்ளி வைக்கும் அமைப்புக்கு 1893இல் உரிமை பெற்றது. 1894இல் நான்கு, ஆறு, எட்டு மடங்குக் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

லென்ஸ்களை அகட்டி வைத்ததால் தூரத்துக் காட்சிக்கு ஆழம் கூடியது. எந்த மரம் முன்னால், எந்த மரம் பின்னால் என்பது பளிச்சென்று தெரிந்தது. படை அதிகாரிக்கும் வேட்டைக்காரனுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் தூரத்துக்கு வரமாக இருந்த அந்த அகலமே கிட்டப் பார்வைக்குத் தடையாகிவிட்டது. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

கிட்டத்தில் பார்ப்பதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது குவியம். பொருள் நெருங்க நெருங்க அதன் பிம்பம் முகப்பு லென்ஸிலிருந்து பின்னால் தள்ளி விழும். பதினைந்து சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். அடிவானத்திலிருந்து பத்து மீட்டர் தூரத்துக்கு வர, பிம்பம் சுமார் 2.3 மில்லிமீட்டர்தான் நகர்கிறது. ஐந்து மீட்டரில் மொத்தம் 4.6. இரண்டு மீட்டரில் 12. மலையிலிருந்து மாமரம் வரைக்கும் வரத் தேவைப்படும் நகர்வைப்போல நான்கு மடங்கு, மாமரத்திலிருந்து காலடிச் செடிக்கு வரவே வேண்டியிருக்கிறது. அவ்வளவு நீளத் திருகு வைத்தால் கருவி பெரிதாகும், ஆட்டம் கொடுக்கும், தூசி புகும். யாரும் கேட்காதபோது செய்கிறவர் எதற்கு வைப்பார்? ஐந்தாறு மீட்டரில் திருகு நின்றுவிடும்படி செய்துவிட்டார்கள்.

இரண்டாவது சிக்கல் கண்களின் சாய்வு. கிட்டத்துப் பொருளைப் பார்க்க நம் இரண்டு கண்களும் உள்பக்கம் திரும்பும். பைனாகுலரின் குழல்கள் திரும்பாது, இணையாகவே நிற்கும். எட்டு மடங்குக் கருவி அந்தக் கோணத்தையும் எட்டு மடங்காக்கிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. லென்ஸ்களின் இடைவெளி நம் கண்களைப்போல 65 மில்லிமீட்டராக இருந்தால், இரண்டு மீட்டர் தூரத்துப் பொருளுக்குக் கண்கள் ஏறக்குறைய 15 பாகை உள்நோக்கித் திரும்ப வேண்டும். புத்தகம் படிக்கும்போது திரும்புகிற அளவு அது, தாங்கும். ஸைஸின் அகன்ற அமைப்பில் இடைவெளி 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் கோணம் 27 பாகைக்குப் போய்விடும். கண் வலிக்கும், காட்சி இரண்டாகப் பிரியும், இரண்டு வட்டங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்கும். ஆகவே குவியத்தைச் சரிசெய்திருந்தாலும் அந்தக் கருவிகள் கிட்டத்துக்கு லாயக்கில்லை.

பிறகு இரண்டு உலகப் போர்கள். 1914இல் நல்ல ஒளியியல் கண்ணாடி பெரும்பாலும் ஜெர்மனியிடம் இருந்தது. எதிர்த்தரப்பில் தட்டுப்பாடு. அமெரிக்கா போரில் இறங்கிய பிறகு, கடற்படைத் துணைச் செயலாளராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், வீட்டில் பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கடற்படைக்குக் கடன் கொடுக்கும்படி பொதுமக்களிடம் கேட்டார். சட்டப்படி இலவசமாக வாங்கக் கூடாதென்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டாலர் கொடுத்தார்கள். நாடகம் பார்க்கவும் குதிரைப் பந்தயம் பார்க்கவும் வாங்கியவை நீர்மூழ்கிகளைத் தேடப் போயின. போர்க்காலங்களில் செய்தவை பெரும்பாலும் சித்தப்பாவுடையதைப்போன்ற, கண் லென்ஸைத் தனித்தனியாகத் திருகுகிற அடைத்த கருவிகள். போர் முடிந்ததும் அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. பறவை பார்க்கிற ஒரு தலைமுறை முழுவதும் அவற்றோடுதான் வளர்ந்தது. புதரின் உச்சியில் இருப்பது தெரியும். புதருக்குள் இருப்பது தெரியாது.

எட்டு மடங்குக் கருவியில் ஆறு மீட்டர் தள்ளி இருப்பது, வெறுங்கண்ணுக்கு முக்கால் மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். பறவைக்கு அது தாராளம். மருதமலை அடிவாரத்துப் புல்லில் பறக்கும் சின்ன நீலப் பட்டாம்பூச்சிகளுக்குப் போதாது. சிறகு விரித்தாலும் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியவை. டார்க் கிராஸ் ப்ளூ, லெஸ்ஸர் கிராஸ் ப்ளூ என்று இரண்டு இனங்கள் ஒரே புல்லில் கலந்து திரியும். இரண்டையும் பிரித்தறிய முன்சிறகின் அடிப்பக்கத்தில், நடு அறைக்குள் ஒரு புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதலாவதில் உண்டு, இரண்டாவதில் இல்லை. புள்ளி என்றால் கடுகைவிடச் சிறியது. வெறுங்கண்ணால் பார்க்கக் குனிந்தால் நிழல் விழுந்து பறந்துவிடும். ஆறு மீட்டர் பைனாகுலரோடு வந்தவர் பூச்சியை விட்டுப் பின்வாங்கிக்கொண்டே போக வேண்டும். குவியம் கிடைக்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் புள்ளி மறைந்திருக்கும். இரண்டு மீட்டரில் குவியம் கிடைத்தால் கதை வேறு. எட்டு மடங்கில் அது 25 சென்டிமீட்டரில் பிடித்துப் பார்ப்பதற்குச் சமம். பூச்சி தன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

இந்தத் தேவையைப் பொதுவெளியில் சத்தமாகச் சொன்னவர்கள் அமெரிக்கர்கள். ராபர்ட் மைக்கேல் பைல் 1971இல் பூச்சிகளின் பாதுகாப்புக்காக ஸெர்ஸீஸ் சங்கத்தைத் தொடங்கினார். 1974இல் பட்டாம்பூச்சி பார்ப்பதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1975இல் அந்தச் சங்கம் ஆண்டுதோறும் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் கையில் வலைதான். பிடி, ஊசி குத்து, பெட்டியில் அடுக்கு, பிறகு பெயர் சொல் என்பதே இருநூறு ஆண்டுப் பழக்கம். அதை உடைத்தவர் ஜெஃப்ரி கிளாஸ்பெர்க். மரபணு ரேகையை அடையாளத்துக்குப் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தில் வேலை செய்த மூலக்கூறு உயிரியலாளர் அவர். 1992இல் வட அமெரிக்கப் பட்டாம்பூச்சிச் சங்கத்தை நிறுவினார். 1993இல் 'பட்டர்ஃப்ளைஸ் த்ரூ பைனாகுலர்ஸ்' வந்தது. பெயரே மெரியத்தை நினைவூட்டுகிறது. கொன்று பரப்பிவைத்த மாதிரிகளின் படங்களுக்குப் பதிலாக, செடியில் உயிரோடு உட்கார்ந்த நிலையில் எடுத்த படங்களைப் போட்டார். எதை எங்கே பார்த்தால் பெயர் சொல்லலாம் என்பதை அந்த நிலையிலிருந்தே எழுதினார். கிட்டத்தில் குவியும் பைனாகுலர் வாங்குங்கள் என்று வாசகரிடம் வற்புறுத்தினார். 2000இல் சிட்னி டன்கிள் தட்டான்களுக்கும் அதே வரிசையில் ஒரு புத்தகம் எழுதினார்.

கடைக்காரரிடம் போய்க் கிட்டத்துத் தூரம் எவ்வளவு என்று ஆயிரக்கணக்கானோர் கேட்கத் தொடங்கியதும், தொழிற்சாலைகளுக்குப் பதில் ஏற்கெனவே கையில் இருந்தது. லைட்ஸ் நிறுவனம் 1963இல் கொண்டுவந்த ட்ரைனோவிட் வரிசையிலேயே கண் லென்ஸ் வெளியே நீளாது. உள்ளே இருக்கும் ஒரு லென்ஸ் நகர்ந்து குவியம் வைக்கும். அதன் குழல்கள் நேரானவை. கூரைப் பட்டகம் என்ற வகை அவற்றுக்குள் இருக்கும். அதனால் முகப்பு லென்ஸ்களின் இடைவெளி ஏறத்தாழக் கண்களின் இடைவெளிதான். ஆக, மேலே சொன்ன இரண்டு சிக்கலுக்கும் முப்பது ஆண்டுக்கு முன்பே வழி பிறந்திருந்தது. உள்லென்ஸ் இன்னும் சில மில்லிமீட்டர் நகர இடம்விட்டால் போதும். அதைச் செய்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் லைட்ஸின் வழிவந்த லைக்கா தன் ட்ரைனோவிட்டை மாற்றி, பெயரில் கிட்டத்தைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்தது. 1999இல் வந்த ஸ்வரோவ்ஸ்கியின் ஈஎல் இரண்டரை மீட்டரில் குவிந்தது. 2004இல் ஸைஸின் விக்டரி எஃப்எல் இரண்டு மீட்டருக்கு வந்தது. அகன்ற லென்ஸுக்கு உரிமை வாங்கிய அதே ஸைஸ்தான்.

எனக்கு இவற்றில் எல்லாவற்றையும்விடப் பிரியமானது ஜப்பானின் பெண்டாக்ஸ் செய்த பாப்பிலியோ. ஆறரை மடங்கு, எட்டரை மடங்கு என்று இரண்டு அளவில் வந்தது. உள்ளங்கையில் அடங்கும், விலையும் ஜெர்மானியக் கருவிகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிறு தொகை. அரை மீட்டரில் குவியும்! அந்தத் தூரத்தில் கண்கள் திரும்ப வேண்டிய கோணத்தை இணைக்குழல் அமைப்பு தாங்கவே தாங்காது. அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது, அழகானது. சக்கரத்தைத் திருப்பும்போது முகப்பு லென்ஸ்கள் முன்னால் நகர்வதோடு ஒன்றையொன்று நெருங்கியும் வருகின்றன. வெளியே ஒரே அகலக் கண்ணாடி மூடியிருப்பதால் தூசி புகாது. அந்தக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினால், இரண்டு லென்ஸும் நம் கண்களைப்போலவே உள்பக்கம் கூடுவதைக் காணலாம். 1893இல் அகட்டி வைத்ததை இப்போது தேவைக்கேற்ப நெருக்குகிறார்கள்.

கோவைப் பக்கம் ஓடையோரத்தில் தேள்கொடுக்கிச் செடி காய்ந்து கிடக்கும் இடத்தில் புளூ டைகர் பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். பெரும்பாலும் ஆண்கள். பெண்ணை ஈர்க்கும் வாசனைப் பொருளைத் தயாரிக்க அந்தச் செடியின் காரச்சத்து அவற்றுக்கு வேண்டும். பாப்பிலியோவை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தால், உறிஞ்சுகுழல் காய்ந்த தண்டைத் துழாவுவது தெரிகிறது. நான்கு கால்களால் மட்டும் நிற்பதும், முன்னங்கால் இரண்டும் குறுகி மார்போடு ஒட்டிக்கிடப்பதும் தெரிகின்றன. கறுத்த தலையில் வெள்ளைப் புள்ளிகள். பின்சிறகில் ஆணுக்கு மட்டுமே உள்ள சின்னப் பை. முன்பெல்லாம் பிடித்துக் கொன்றால்தான் தெரிந்துகொள்ள முடிந்த சங்கதிகள் இவை. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பல பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. அவற்றை வலையால் பிடிப்பது குற்றம். 2019இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாகத் தமிழ் மறவன் அறிவிக்கப்பட்டபோது, இனி பள்ளிப் பிள்ளைகள் கையிலும் இப்படி ஒரு கருவி போகவேண்டுமென்று மனமார விரும்பினேன். இன்னும் விரும்புகிறேன்.

வீட்டில் பழைய பைனாகுலர் இருக்கிறவர்கள் அதை ஒதுக்கிவிட வேண்டாம். முதலில் அதை முறையாகச் சரிசெய்ய வேண்டும். வலது முகப்பை மூடி, இடக்கண்ணால் ஒரு பொருளைப் பார்த்து நடுச்சக்கரத்தில் குவியம் வையுங்கள். பிறகு இடது முகப்பை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் லென்ஸின் வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். கிட்டத்தில் பார்க்கும்போது நடுக்கீலைச் சற்று மடக்கிக் குழல்களை நெருக்கினால் வட்டங்கள் நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் கண்மணிகளும் அப்போது நெருங்கியிருக்கும். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கருவியின் எல்லையைவிடக் கிட்டத்திலும் குவியம் கிடைக்கும். சக்கரம் நின்றுவிட்ட பிறகும் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வேண்டுமென்றால், இடக்கண்ணை மூடிக்கொண்டு வலது வளையத்தை வெளிப்பக்கம் திருகிப் பார்க்கலாம். ஒரு கண்ணுக்கு மட்டும் கிடைக்கும், ஆனால் கிடைக்கும். பூவின் மகரந்தத்தைப் பார்க்கக் கருவியையே தலைகீழாகப் பிடித்து, பெரிய லென்ஸில் கண்ணை வைத்து, கண் லென்ஸைப் பூவுக்கு ஓர் அங்குலத்துக்குள் கொண்டுபோனால் நல்ல உருப்பெருக்கியாகிவிடும்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், பெட்டியில் அச்சடித்த கிட்டத்துத் தூரத்தை மட்டும் நம்பாமல் கடையிலேயே சோதித்துவிடுங்கள். நிமிர்ந்து நின்று கருவியைக் கீழ்நோக்கிப் பிடித்து உங்கள் கால்விரல்களைப் பாருங்கள். கண்ணிலிருந்து பாதத்துக்குச் சுமார் ஒன்றரை மீட்டர். நகம் தெளிவாகத் தெரிந்தால் பட்டாம்பூச்சிக்கு அந்தக் கருவி தாராளம். தெரியாவிட்டால் தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து பாருங்கள். இரண்டு மீட்டருக்குள் அதன் எழுத்து தெளிந்தால் வாங்கலாம். அதையும் தாண்டி மூன்று மீட்டர் ஆனால் பறவைக்கு வைத்துக்கொள்ளலாம். வேண்டிய தூரம் கிடைத்ததும் மறக்காமல் இரண்டு கண்ணையும் திறந்து அரை நிமிஷம் அதே நாணயத்தைப் பாருங்கள். அரை நிமிஷத்தில் இரண்டு வட்டமாகப் பிரிகிற கருவி, வயலில் பத்து நிமிஷத்தில் தலைவலி தரும்.